அழற்சியைக் குறைக்கும் சமையல்: மஞ்சளைத் தாண்டி என்ன இருக்கிறது?

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி வாரம் தவறாமல் வந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் மஞ்சளும் மிளகும் போட்டுக் கொதிக்கவைத்த நீரைக் குடித்தால் உடம்பில் உள்ள அழற்சி எல்லாம் கரைந்துவிடுமாம். அடுத்த வாரம், தக்காளியும் கத்தரிக்காயும் அழற்சியைக் கிளப்பும், தொடவே கூடாது என்று ஒரு எச்சரிக்கை. அதற்கடுத்த வாரம் நல்லெண்ணெய்க்கு வசவு. கடையிலோ ‘அழற்சி எதிர்ப்பு’ என்று அச்சிட்ட பொடி டப்பாக்கள், சாதாரண மஞ்சள்தூளைவிடப் பல மடங்கு விலையில் வரிசைகட்டி நிற்கின்றன.

இத்தனை பேச்சிலும் அழற்சி என்றால் என்ன என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. உடம்புச் சூடு என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள், தோல் அரிப்பு என்று சிலர், வாயுப் பிடிப்பு என்று இன்னும் சிலர். அது உண்மையில் என்ன என்று தெரிந்துகொண்டால், எந்தச் சாப்பாடு உதவும், எது வெறும் வியாபாரம் என்ற கேள்வியில் பாதிக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும்.

முதலில், அழற்சி எதிரி அல்ல

வெங்காயம் நறுக்கும்போது கத்தி விரலில் பட்டுவிடுகிறது. மாலைக்குள் அந்த இடம் சிவக்கிறது, லேசாக வீங்குகிறது, தொட்டால் சுடுகிறது, விண்விண் என்று வலிக்கிறது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற இந்த நான்கையும் முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்தார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அதே வரிசையில்தான் படிக்கிறார்கள்.

காயம் பட்ட இடத்தில் உள்ள செல்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அக்கம்பக்கத்து இரத்தக் குழாய்கள் விரிகின்றன, அவற்றின் சுவர்கள் சற்றுத் தளர்கின்றன. அந்த இடைவெளி வழியே நீரும் வெள்ளணுக்களும் காயத்துக்குள் இறங்குகின்றன. கூடுதல் இரத்தத்தால் சிவப்பும் சூடும், இறங்கிய நீரால் வீக்கம், நரம்பு நுனிகள் தூண்டப்படுவதால் வலி. கிருமியைக் கொன்று, செத்த செல்களை அகற்றி, புதுத் தோல் வளர வழிசெய்யும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் அழற்சி. அது இல்லாவிட்டால் ஒரு முள் குத்தினாலே உயிருக்கு ஆபத்து.

தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்தால் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் வருகிறார்கள், சாலையைத் தோண்டுகிறார்கள், போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். இரண்டு நாள் தொல்லைதான், ஆனால் வேண்டிய தொல்லை. குழாயை ஒட்டியபின் பள்ளத்தை மூடி, மேலே தார் போட வேண்டும். தோண்டுவது ஒரு வேலை, மூடுவது இன்னொரு வேலை. நம் ஊர்களில் இரண்டாவது வேலைக்கு ஆள் வராமலே போவது உண்டு. உடம்பிலும் அப்படித்தான். அழற்சி தானாக அணைந்துவிடுவதில்லை, அதை முடித்துவைப்பதற்கென்றே தனி வேதிப்பொருள்களை உடல் தயாரிக்கிறது. அவற்றில் சில மீன் எண்ணெயில் உள்ள கொழுப்பிலிருந்து உருவாகின்றன. மத்தி மீனின் கதை அங்கேதான் தொடங்குகிறது, பின்னால் வருகிறேன்.

ஆட்கள் கிளம்பாவிட்டால்

சில நாள்களில் முடிந்துவிடும் அழற்சியைக் குறுகியகால அழற்சி என்கிறார்கள். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லிய அளவில் நீடிப்பது நாள்பட்ட அழற்சி. இதில் சிவப்பு தெரியாது, வீக்கம் தெரியாது, காய்ச்சல் இருக்காது. குழாய் எதுவும் உடையாத தெருவில் ஆட்கள் தினமும் வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டிக்கொண்டே இருப்பது போன்ற நிலை. இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு வளரவும், இன்சுலின் சொல்வதைச் செல்கள் கேட்காமல் போகவும், கல்லீரல் கெடவும் இது துணைபோகிறது.

இது வெறும் ஊகமாக இருக்கலாமே என்று மருத்துவர்களே நெடுங்காலம் ஐயப்பட்டார்கள். 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அந்த ஐயத்தைப் பெரிதும் போக்கியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த ஆய்வு அது. கொலஸ்டிராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசி மருந்தைக் குறிப்பிட்ட அளவில் பெற்றவர்களுக்கு இதயப் பாதிப்புகள் குறைந்தன. ஆனால் அந்த மருந்தால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்று அதிகரித்தன. அழற்சியை ஒரேயடியாக அடக்கினால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சுருங்கச் சொன்னால், குறுகியகால அழற்சி காவல். நாள்பட்டது சேதம். சாப்பாட்டால் மாற்றக்கூடியது இரண்டாவதை மட்டும்தான், அதுவும் மெதுவாக.

இரத்தத்தில் எப்படித் தெரியும்?

கொரோனா காலத்தில் ‘சி.ஆர்.பி. எவ்வளவு?’ என்று கேட்காத வீடு குறைவு. கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம் அது. 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு மையத்தில், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டுபிடித்தார்கள். உடலில் எங்கே அழற்சி நடந்தாலும் சைட்டோகைன்கள் கல்லீரலுக்குத் தகவல் கொண்டுபோகின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறு புரதங்களுக்குத்தான் அந்தப் பெயர். தகவல் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் சி.ஆர்.பி.யை இரத்தத்தில் விடுகிறது.

நுண்ணளவில் பார்க்கும் பரிசோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய நோய் அபாயம் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்று வகுத்திருக்கிறார்கள். சளிக்காய்ச்சல் வந்தாலே இந்த எண் 10-ஐத் தாண்டிவிடக்கூடும் என்பதால், உடம்பு சரியில்லாத நாளில் எடுத்த முடிவை வைத்துக்கொண்டு பதற வேண்டாம். எங்கே கோளாறு என்றும் இது சொல்லாது.

தூண்டிவிடுவது யார்?

முதல் குற்றவாளி வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைச் சொல்லவில்லை. குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிவதைத்தான் சொல்கிறேன். கொழுப்புச் செல்கள் வெறும் கிடங்கு அல்ல. அளவுக்கு மீறிப் பெருக்கும்போது அவையும் அவற்றைச் சுற்றிக் குவியும் வெள்ளணுக்களும் இரவு பகலாகச் சைட்டோகைன்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன.

‘நான் ஒல்லிதானே’ என்று நம்மில் பலர் தப்பித்துக்கொள்ள முடியாது. 2004-இல் லான்செட் இதழில் வெளியான ஒரு படம் மருத்துவ உலகில் பெயர்பெற்றது. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் அதில் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் அச்சாக 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை இயந்திரம் காட்டாததை இடுப்பைச் சுற்றிப் பிடிக்கும் அளவு நாடா காட்டிவிடும். இந்தியர்களுக்கு எச்சரிக்கைக் கோடு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80.

மற்றவர்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன்: புகைபிடித்தல், போதாத தூக்கம், கவனிக்காமல் விட்ட ஈறு நோய், உடலை அசைக்காத வாழ்க்கை, வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு. கடைசியாகச் சொன்னதற்கு இந்தியாவில் 2022 முதல் கடிவாளம் போட்டிருக்கிறார்கள். எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பஜ்ஜிக் கடையில் கறுத்துப்போன எண்ணெயை யார் அளக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

சாப்பாடு எங்கே நுழைகிறது?

அதிகம் பேசப்படாத, ஆனால் வலுவான வழி நார்ச்சத்து. நம் குடலில் செரிக்காத தாவரப் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். நமக்குச் செரிக்காததைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் விருந்தாக உண்கின்றன. உண்டுவிட்டு பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை வெளியிடுகின்றன. குடலின் உள்சுவரில் உள்ள செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான். அந்தச் சுவர் திடமாக இருந்தால் நுண்ணுயிரிகளின் சிதைவுகள் இரத்தத்தில் கசியாது. கசிந்தால் வெள்ளணுக்கள் அவற்றைக் கிருமி என்று எண்ணி வேலையைத் தொடங்கிவிடும். பியூட்டிரேட் வெள்ளணுக்களையும் நேரடியாகச் சற்று அமைதிப்படுத்துகிறது.

நார்ச்சத்து நாளுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் சுமார் 3 கிராம் இருக்கிறது. கம்பிலும் கேழ்வரகிலும் சுமார் 11, தோலோடு கூடிய பச்சைப்பயறில் சுமார் 17, கொண்டைக்கடலையில் சுமார் 25. மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்றே ஓட்டிவிட்டு இரவில் மஞ்சள் பால் குடிப்பவர் எதை விட்டுவிட்டார் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. ஒரு கிண்ணம் சுண்டல் அவருக்கு ஒரு டப்பா பொடியைவிட அதிகம் செய்யும்.

இரண்டாவது வழி ஒமேகா-3 என்ற கொழுப்பு. உடலால் சொந்தமாகத் தயாரித்துக்கொள்ள முடியாத வகை இது. பள்ளத்தை மூடும் வேலைக்கான மூலப்பொருள் என்று முன்னால் சொன்னது இதைத்தான். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ப் பசை உள்ள கடல்மீன்களில் நேரடியாகக் கிடைக்கிறது. வஞ்சிரத்தின் விலையில் கால்வாசிகூட ஆகாத மத்திக்கு நம் விருந்துகளில் இடமில்லாதது என் பழைய ஆற்றாமை. சைவர்களுக்கு ஆளிவிதையும் வால்நட்டும் இருக்கின்றன. அவற்றில் உள்ளது வேறு வடிவம், உடலுக்குள் மாறுவது சிறு பங்குதான். ஆளிவிதையை முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். வறுத்து இட்லிப் பொடியோடு அரைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது வழி காய், கீரை, பழங்களின் நிறத்திலும் துவர்ப்பிலும் இருக்கும் பலவகைப் பொருள்கள். நாவற்பழத்தின் ஊதா, முருங்கைக்கீரையின் கரும்பச்சை, நெல்லிக்காயின் துவர்ப்பு எல்லாம் இந்தக் கூட்டம். ஒவ்வொன்றும் தனியாக என்ன செய்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. ஆனால் காய், பயறு, மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் என்று உண்ணும் மத்திய தரைக்கடல் முறையில், மொத்தச் சாப்பாட்டையும் மாற்றியவர்களுக்கு சி.ஆர்.பி. குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு பொருளைச் சேர்த்ததால் வந்த பலன் இல்லை அது. தட்டே மாறியது.

இதுவரை சொன்னதில் மூன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: இடுப்பளவு, நார்ச்சத்து, ஒமேகா-3.

மஞ்சளின் கணக்கு

மஞ்சளை நான் குறைசொல்ல வரவில்லை. ஈரோட்டு மஞ்சளின் மணம் இல்லாத குழம்பை யார் சாப்பிடுவார்கள்? ஆனால் கணக்கு கணக்குதான். ஆய்வுகளில் பேசப்படும் பொருள் குர்குமின், அதாவது மஞ்சளுக்கு நிறம் தரும் சத்து. தூளின் எடையில் அது சுமார் 3 சதவீதம். நான்கு பேருக்கு வைக்கும் சாம்பாரில் கால் தேக்கரண்டி மஞ்சள்தூள் போடுகிறோம், முக்கால் கிராம் இருக்கும். அதில் குர்குமின் 20 மில்லிகிராம் சொச்சம், ஆளுக்கு 5 மில்லிகிராம். ஆய்வுகளில் கொடுப்பதோ நாளுக்கு 500 மில்லிகிராமிலிருந்து 2,000 வரை.

போதாததற்கு, குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவதற்குள் குர்குமினில் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. இங்கேதான் மிளகு வருகிறது. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரச்சத்தான பைபரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடல் ஏற்றுக்கொள்ளும் அளவு 20 மடங்கு கூடியது. இணையம் முழுக்கச் சுற்றும் ‘2,000 சதவீதம்’ பிறந்த இடம் அதுதான். மிளகு இல்லாமல் கொடுத்தபோது இரத்தத்தில் குர்குமின் ஏறக்குறைய தென்படவே இல்லை என்பதை மட்டும் யாரும் பகிர்வதில்லை. ஒன்றுமில்லாததற்குப் பக்கத்தில் இருப்பதை 20 மடங்காக்கினாலும் அது மலையாகிவிடாது.

அப்படியானால் மாத்திரையாகவே விழுங்கிவிடலாமே? மூட்டுத் தேய்மான வலி சற்றுக் குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் 2019-இல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரலே பாதிக்கப்பட்டு, அந்நாட்டு சுகாதார அமைச்சகம் டப்பாக்களில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. உறிஞ்சப்படும் அளவை மிளகுச் சத்தால் செயற்கையாக ஏற்றும்போது ஆபத்தும் கூடவே ஏறுகிறது. குழம்பில் போடும் மஞ்சளால் அப்படி ஒன்றும் ஆகாது. எண்ணெயில் கரையும் பொருள் என்பதால், தாளிப்பு எண்ணெயில் ஒரு நொடி மஞ்சளைப் பொரியவிடும் நம் வழக்கம் நல்ல வழக்கம்தான். சுவைக்காகப் போடுங்கள், மருந்தென்று எண்ண வேண்டாம்.

வீண்பழி சுமப்பவை

தக்காளி, கத்தரிக்காய், மிளகாய், உருளைக்கிழங்கு ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தில் சில நச்சுச் செடிகளும் இருப்பதால் இவற்றின் மேலும் சந்தேகம் விழுந்தது. சமையலில் நாம் சாப்பிடும் அளவில் இவை அழற்சியைக் கூட்டுவதாக நல்ல சான்று இல்லை. கத்தரிக்காய் சாப்பிட்டால் வாய் அரிப்பவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அது ஒவ்வாமை. தீங்கில்லாத ஒரு பொருளைக் குறிப்பிட்ட ஒருவரின் உடல் எதிரியாக எண்ணிக்கொள்வது. அவர் ஒதுக்கட்டும், ஊரே ஒதுக்க வேண்டியதில்லை.

நல்லெண்ணெயில் ஒமேகா-6 என்ற வேறுவகைக் கொழுப்பு நிறைய இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் சில பொருள்கள் அந்த வகையிலிருந்து உருவாவது உண்மை என்பதால், எண்ணெயே தீயது என்று தாவிவிட்டார்கள். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அழற்சி அளவுகள் கூடவில்லை. அமெரிக்க இதயச் சங்கமும் 2009-இல் இந்தக் கொழுப்பைக் குறைக்கத் தேவையில்லை என்றே அறிவுறுத்தியது. எண்ணெயின் பெயரைவிட, அதை எத்தனை முறை காய்ச்சுகிறோம் என்பதில் கவனம் வைப்பது மேல்.

எதிர்ப்பக்கத்தில், ‘பாட்டி சமையல் எல்லாம் மருந்து’ என்பதும் அரைகுறைப் பேச்சு. பாட்டி வைத்த கீரையும் பயறும் சரி. அப்பளம், ஊறுகாய், மலைபோல் குவித்த வெள்ளைச் சோறு ஆகியவையும் அதே இலையில்தான் இருந்தன. வயல்வேலை செய்த உடம்பு அந்தச் சோற்றை எரித்தது. நாற்காலியில் உட்காரும் உடம்பு அதை வயிற்றில் சேர்த்துவைக்கிறது.

அடுப்பில் வைத்துப் பார்த்தால்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, தட்டில் பாதி காயும் கீரையும் பழமுமாக இருக்கட்டும் என்கிறது. நம் மதியச் சாப்பாட்டில் இதற்குப் புதுப் பொருள் எதுவும் வாங்க வேண்டாம். சோற்றுக் கரண்டியும் பொரியல் கரண்டியும் இடம் மாறினால் போதும். முதலில் இரண்டு பெரிய கரண்டி பொரியல், ஒரு கரண்டி கீரை, அதன்பின் மிஞ்சிய இடத்தில் சோறு. சோறு முன்னால் விழுந்துவிட்டால் பொரியல் ஊறுகாய் அளவுக்குச் சுருங்கிவிடும்.

மத்திக் குழம்பு வைப்பதானால், மண்சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காயவைத்து வெந்தயம் பொரிந்ததும், உரித்த சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு பத்துப் பல். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள். உடனே தக்காளி, பிறகு புளிக்கரைசல். குழம்பு சுண்டி எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கும்போதுதான் மீன் இறங்க வேண்டும். ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. கரண்டி போட்டால் மீன் உடைந்துவிடும், துணியால் சட்டியின் கழுத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். வறுத்தால் மீனின் கொழுப்பில் கொஞ்சம் எண்ணெயோடு போய்விடுகிறது, குழம்பிலோ இறங்கிய கொழுப்பும் சோற்றோடு நமக்கே வந்து சேர்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை இப்படிச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு மீன் எண்ணெய் மாத்திரை தேவைப்படாது.

கூடவே முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும். நான்கு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். வாரத்தில் சில இரவுகள் தோசைக்குப் பதில் கம்பு அடை. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள், தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள். பழைய சாதம் பிடிக்கும் என்றால் அதுவும் சேரட்டும். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி நார்ச்சத்தைப் போலவே நடந்துகொள்ளும்.

யார் கேட்டுச் செய்ய வேண்டும்?

முடக்குவாதம், சொரியாசிஸ், குடல் அழற்சி நோய் ஆகியவற்றில் நோயெதிர்ப்பு மண்டலமே சொந்த உடலைத் தாக்குகிறது. இந்தச் சாப்பாடு அங்கே துணைக்கு மட்டும்தான். மருந்தை நிறுத்திவிட்டு மீன் குழம்பை நம்பினால் மூட்டு நிரந்தரமாகக் கெடும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குக் கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். அவர்கள் கீரையை ஒதுக்க வேண்டாம், ஆனால் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட வேண்டும், கூட்டுவதற்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குக் கீரை, பயறு, கம்பு எல்லாவற்றிலும் உள்ள பொட்டாசியமே சிக்கல். அவர்களுக்கு எவ்வளவு என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும்.